நெல்லுல யார் சீனியர்? தஞ்சையை முந்திய தூத்துக்குடி... அகழாய்வில் டெல்டா பின்தங்குவது ஏன்?

"எங்க கீழடி கி.மு. 6ஆம் நூற்றாண்டு" என்று சிவகங்கைக்காரர் மார்தட்டினால், "அதெல்லாம் எங்க சிவகளைக்குத் தம்பி" என்பார் தூத்துக்குடிக்காரர். நடுவில் மாட்டிக்கொள்வது தஞ்சை. நெற்களஞ்சியம் என்ற பெயர் இங்கே. ஆனால் கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என 2021-ல் தமிழக அரசு அறிவித்த நெல் கிடைத்ததோ, சிவகளையின் முதுமக்கள் தாழியில்!

அப்போ டெல்டாவில் பழசே இல்லையா?

இருக்கு. பழைய தஞ்சை மாவட்டத்தின் பூம்புகார் அருகே, கீழையூரில் கிடைத்த செங்கல் படகுத்துறை கி.மு. 3ஆம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டது. மயிலாடுதுறை பக்கம் செம்பியன்கண்டியூரில் 2006-ல் புதிய கற்காலக் கைக்கோடரியே கிடைத்தது. அதுவும் அகழாய்வில் இல்லை, கன்று நடக் குழி தோண்டியபோது!

பிறகு என்ன சிக்கல்?

காவிரிதான். அது கொண்டுவந்த வண்டல், நெல்லை வாழவைத்தது. பழைய குடியிருப்புகளை மூடியும்விட்டது. சிவகளை வறண்ட பரம்பு. இங்கே வயலில் ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் ஊறும். பூம்புகாரில் ஒரு பகுதியைக் கடலும் கொண்டுபோனது.

தோண்ட வசதியாக மிஞ்சியிருப்பது மேடுகளும் திடல்களும்தான். அதையும் மண்ணுக்காக வெட்டிவிட்டால், போட்டியில் காட்ட டெல்டாவிடம் எதுவும் இருக்காது. பானை ஓடோ, பெரிய பழங்காலச் செங்கல்லோ தட்டுப்பட்டால், வேலையை நிறுத்திட்டு வட்டாட்சியரிடம் சொல்லுங்க.