பேர் சொல்லாததும் பேர் வாங்கியதும்

வசம்புக்குப் 'பேர் சொல்லாதது' என்றொரு பேர் உண்டு. விளக்கில் சுட்டு, கல்லில் இழைத்து, தாய்ப்பாலில் குழைத்துக் குழந்தை நாக்கில் தடவுகிற இந்த அறிவுக்குச் சொந்தக்காரி என்று யாருமில்லை. 'எங்க ஆத்தா செஞ்சா, நானும் செய்யறேன்' என்பதோடு சரி.

எதிர்முனையில் புட்டி மருந்து. பேடன்ட் மருந்து என்கிறோமே, அதில் பெரும்பாலானவற்றுக்குப் பேடன்டே கிடையாது என்பதுதான் வேடிக்கை. காப்புரிமை கேட்டால் சேர்மானத்தை வெளியே சொல்லியாக வேண்டும். கெடு முடிந்தால் எவனும் காய்ச்சலாம். வணிகக்குறியையோ புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆக, பதிவானது மருந்தல்ல, பெயர். 1851இல் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் உருவாக்கிய கிரைப் வாட்டரில் இருந்தது என்ன? சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கொஞ்சம் ஆல்கஹால். சதகுப்பை நம்ம நாட்டு மருந்துக் கடைச் சரக்குதான். அழுகையை நிறுத்தியது சதகுப்பையா, சாராயமா? புட்டியை வாங்கிய தாய்க்கு அதைக் கேட்க இடமில்லை.

இதைச் சொன்னதும் பாட்டி வைத்தியத்துக்குக் கொடி பிடிக்கிறவர்கள் கைதட்டுவார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வசம்பிலுள்ள பீட்டா-அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், அதை உணவில் சேர்ப்பதை 1968இல் அமெரிக்கா தடை செய்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்லில் ஒரு இழைப்பா, இரண்டா என்பது கிழவியின் கைக்கணக்கு. அச்சேறிய பாட்டி வைத்தியப் புத்தகங்களில் அது 'சிறிதளவு' என்றாகிவிடுகிறது. அட்டையில் பேர் மட்டும் ஏதோ ஒரு ஆணுடையது.