பால்குடி மறக்கையில் முதிரும் கணையம்

வயல்வரப்பில் வளை தோண்டும் எலி வேறு. ஆய்வகக் கூண்டில் வளரும் வெள்ளெலி வேறு. இது பழுப்பு எலியை மனிதர் பழக்கி எடுத்த வகை. உணவு உடம்பை எப்படி உருவாக்குகிறது என்பதை இந்த எலியிடமிருந்து படிக்கும் வேலை நம் குன்னூரில் நடந்திருக்கிறது. 1918இல் அங்கே உணவாராய்ச்சியைத் தொடங்கிய ராபர்ட் மெக்கரிசன், இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறிய அந்த ஆய்வகம்தான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

சர்க்கரை நோயைப் புரிந்துகொள்ளவும் இந்த எலியே துணை. கணையத்துக்கு வேலை இரண்டு: குடலுக்குச் செரிமான நொதிகளை அனுப்புவது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினை ரத்தத்தில் சேர்ப்பது. இரண்டுமே பிறக்கும்போது முழுசாகக் கைவருவதில்லை.

எலிக்குஞ்சு சுமார் 22 நாள் கர்ப்பத்தில், முடியில்லாமல், கண் மூடியபடி பிறக்கிறது. எடை ஐந்தாறு கிராம். முதல் இரண்டு வாரம் தாய்ப்பாலே கதி. எலிப்பாலில் கொழுப்பு அதிகம், மாவுச்சத்து கிடையாது. அதனால் மாவைச் செரிக்கும் அமிலேஸ் நொதி கணையத்தில் அப்போது குறைவாகவே இருக்கும். இரண்டு வாரம் கழித்துக் கண் திறந்து, தாய் தின்னும் தீவனத்தைக் குஞ்சும் கொறிக்கத் தொடங்கும். மூன்றாம் வாரக் கடைசியில் பால்குடி மறக்கும்போது அமிலேஸ் மளமளவென ஏறுகிறது.

இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் கதையும் இதே போக்குத்தான். இவை கணையத்துக்குள் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் கூட்டமாக இருப்பவை. பச்சைக்குஞ்சின் பீட்டா செல்லில் இன்சுலின் இருக்கும். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அதற்கேற்ப இன்சுலினை விடும் பக்குவம் இருக்காது. மூன்று, நான்கு வாரத்தில்தான் அது வருகிறது. அதற்குத் தைராய்டு ஹார்மோனும் உதவுகிறது. இடையில், இரண்டாம் வாரத்தை ஒட்டி, பீட்டா செல்கள் கணிசமாக மடிகின்றன, புதியவையும் பிறக்கின்றன. நோயால் வரும் அழிவல்ல இது, உறுப்பு தன்னைத் திருத்தியமைத்துக்கொள்ளும் வேலை.

கணையம் இப்படி உருவாகும் காலத்தில் சத்துக் குறைந்தால் என்ன ஆகும்? கர்ப்பத்தில் புரதம் போதாத தாய் எலியின் குஞ்சுகளுக்குப் பீட்டா செல்கள் குறைவாக அமைகின்றன. புனே ஆய்வாளர்கள் 50 தலைமுறை அரைவயிறாக வளர்ந்த எலிகளைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த எலிகளுக்குச் சர்க்கரை நோய் எளிதில் வந்தது. இரண்டு தலைமுறை வயிறார ஊட்டியும் அந்தப் பாதிப்பு நீங்கவில்லை.

எலியின் நாள்கணக்கு மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நம் குழந்தைகளுக்கும் பீட்டா செல்கள் வேகமாகப் பெருகுவது பிறந்த முதல் சில ஆண்டுகளில்தான். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் அங்கன்வாடியில் தரும் சத்துமாவை எடை கூட்டும் பொருளாக மட்டும் பார்க்கக் கூடாது. நாற்பது வயதில் சர்க்கரையைத் தாங்க வேண்டிய கணையத்துக்கு அஸ்திவாரம் போடும் காலம் கர்ப்பமும் குழந்தைப் பருவமும்தான். அந்தக் காலத்தில் பருப்பும் முட்டையும் பாலும் குறையாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் கடமை.