ஆடும் பாதங்களைப் பேணுவோம்

மண்டைதீவு மணலில் ஓடும் சிறுமியின் பாதத்தை மணல் தாங்கிக்கொள்ளும். அவளே சீமெந்துத் தரையில் தட்டடவு பயிலுங்கால், ஒவ்வோர் அடியின் அதிர்வும் முழந்தாள்வரை ஏறுகின்றது.

1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணிதேவி, முன்னர் பாலே நடனமும் பயின்றவர். பாலே வகுப்பு, கம்பியைப் பற்றிச் செய்யும் மெதுவான பயிற்சிகளுடன் தொடங்கும். பரதத்திற்கும் அம்முறை நன்றென நாம் கருதுகிறோம்.

ஆடுமுன் கணுக்காலை மெல்லச் சுழற்றுக. சுவரைப் பற்றிக் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துக. ஆடியபின் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்திடுக.

கீழ்க்கால் எலும்பில் ஓரிடத்திலேயே நோவு நீடிப்பின், அது வெடிப்பின் அறிகுறியாகலாம். ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாடுக. அரங்கேற்றம் தள்ளிப்போகுமென்றஞ்சிப் பிள்ளைகள் நோவை மறைப்பதுண்டு. பெற்றோரே பரிவுடன் வினவுதல் வேண்டும். அரங்கேற்றத்திற்கு வேறு நாள் குறிக்கலாம்; பாதங்களுக்கு மாற்று உண்டோ?