பாம்பு பட்டினி கிடந்தால்...

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எங்கள் வீட்டிலோ, பாம்பு சாப்பிடவில்லையே என்று நாங்கள் நடுங்கினோம்!

டில்லியில் நாங்கள் வளர்ப்பது 'பால் பைத்தான்'. பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். தாயகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. (நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இடம் தராது. இதுபோன்ற அயல்நாட்டுப் பாம்பையும் 2024 விதிகளின்படி பதிவு செய்தாக வேண்டும்.)

மார்கழிக் குளிரில் அது எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு வாரம், நான்கு வாரம், ஆறு வாரம்! வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா என்றாள் மனைவி. கூடவே கூடாது, மிரட்சிதான் அதிகமாகும் என்று தடுத்தார் கால்நடை மருத்துவர்.

பாம்பு தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளாது. வெளிச்சூடு இல்லாவிட்டால் இரை செரிக்காது; பசியும் எடுக்காது. எனவே பெட்டியின் ஒரு பக்கத்தை 32 டிகிரிக்கும், மறுபக்கத்தை 26 டிகிரிக்கும் கொண்டுவந்தோம். உடம்பு உரசும்படி இறுக்கமான மறைவிடம் ஒன்று வைத்தோம். ஒரு வாரம் தொடவே இல்லை.

பிறகு ஓரிரவு, உறையவைத்த எலியைப் பனி நீக்கி, வெந்நீரில் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் மெல்ல அசைத்தேன். சட்டென்று கவ்வியது! (உயிருள்ள எலி வேண்டாம், அது பாம்பையே கடித்துவிடும்.)

வளர்ந்த பாம்பு சில மாதங்கள்கூடப் பட்டினி தாங்கும். கண் வெளிறியிருந்தால் தோல் உரிக்கப் போகிறது; அதுவரை விட்டுவிடுங்கள். எடையைக் குறித்து வாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயில் சளி கட்டினாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.