கத்ரும் விதியும்

இஸ்லாத்தின் 'கத்ர்' என்பதை 'விதி' என்று மொழிபெயர்த்து விரிவுரை நடத்தியவன் நான். அது அரைகுறை விளக்கம். கி.பி. 639 அளவில் சிரியாவுக்குப் புறப்பட்ட கலீபா உமர், அங்கு கொள்ளைநோய் என்றறிந்து ஸர்க் என்னுமிடத்தில் திரும்பிவிட்டார். இறைவன் விதித்ததிலிருந்து ஓடுகிறீரா என்று தளபதி அபூ உபைதா கேட்டார். அவன் விதித்த ஒன்றிலிருந்து அவன் விதித்த இன்னொன்றுக்கே போவதாக உமர் பதிலளித்தார். படையோடு தங்கிய அபூ உபைதா அந்நோயிலேயே மாண்டார். மரபு இருவரையுமே போற்றுகிறது.

1990 ஒக்ரோபரில் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், புத்தளம் முகாம்களிலிருந்து 'ஸபூர்' (பொறுமை) என்றபோது, மறந்துவிட்டார்கள் என்று எங்களிற் பலர் ஆறுதலடைந்தோம். தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்கும் சோனகதெரு நண்பர் ஐந்து வேளையும் தொழுகிறார். பறிபோன காணி உறுதிக்குப் பிரதி கேட்டு ஊருக்குக் கடிதமும் எழுதிக்கொண்டிருக்கிறார்.