திறமூல நிரலகத்தில் ஆய்வுத் தேவைக்கான திருத்தங்கள்: எழுத்துப் பிரிப்பை முன்வைத்து

‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம், பைத்தான் மொழியின் இயல்பான அளவையில் 5 ஆகும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒருங்குறியில் ஐந்து குறியிடங்கள் அமைவதே இதற்குக் காரணம். இதனை மூன்று எழுத்துகளாகப் பிரித்துத் தரும் பணியை ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற திறமூல நிரலகங்கள் செய்கின்றன. எனினும், பொதுப் பயன்பாட்டுக்கென எழுதப்பட்ட நிரல் ஒவ்வோர் ஆய்வுக்கும் அப்படியே பொருந்துவதில்லை.

‘பக்ஷம்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. க்ஷகரத்திற்கு ஒருங்குறியில் தனிக் குறியிடம் இல்லை. அது க, புள்ளி, ஷ ஆகியவற்றின் சேர்க்கையே. அதனை ஓரெழுத்தாகக் கொள்ளும் நிரல் ப, க்ஷ, ம் எனப் பிரிக்கும். குறிலிணை ஒற்றடுத்த நிரையசை ஒன்றே கிடைக்கும். க், ஷ என இரண்டாகக் கொண்டால் பக்/ஷம் என நேர்நேர் ஆகித் தேமாச் சீராகும். அகரவரிசைப்படுத்தலுக்கு முன்னது வசதியானது. ஒலிப்பை அடிப்படையாகக் கொண்ட யாப்பாய்வுக்குப் பின்னதே ஏற்றது. எனவே, இங்கு வேண்டப்படுவது பிழைதிருத்தம் அன்று, நோக்கத்திற்கேற்ற மாற்றம்.

அம்மாற்றத்தை எங்குச் செய்வது என்பதே சிக்கல். கணினியில் நிறுவப்பட்ட கோப்பினுள் நேரடியாகத் திருத்தினால், அடுத்த பதிப்பை நிறுவும்போது திருத்தம் அழிந்துவிடும். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு: ஒரே நிரலகத்தின் பெயரைச் சுட்டும் இரு ஆய்வாளர்கள் வெவ்வேறு சீர்க்கணக்குகளைத் தருவர், காரணம் புலப்படாது. மூலபாடத்தைத் திருத்திவிட்டுப் பாடபேதத்தைக் குறிக்காமல் விடும் பதிப்புக்கு இது ஒப்பானது. உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளை அறிந்தோர்க்கு இதன் கேடு விளக்க வேண்டுவதன்று.

சிறு மாற்றமாயின், நிரலகத்தைத் தொடாமல் அதன் விளைவைப் பெற்று, க்ஷகரத்தை மட்டும் மேலும் பிரிக்கும் தனிச் செயற்கூறு போதும். உள்ளமைப்பையே மாற்ற நேரின், மூலநிரலைக் கிளைப்படுத்தி, ‘கிட்’ போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஒவ்வொரு திருத்தத்தையும் காரணத்துடன் பதிதல் வேண்டும். ஓப்பன்-தமிழின் எம்.ஐ.டி. உரிமம் மாற்றத்திற்கும் மறுபகிர்வுக்கும் இடந்தருகிறது. பதிப்புரிமைக் குறிப்பை நீக்காதிருத்தலே நிபந்தனை. ஜி.பி.எல். உரிமம் பெற்ற நிரலாயின், மாற்றிய வடிவத்தைப் பகிர்வோர் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் அளித்தாக வேண்டும்.

திருத்தியபின் நிரலகத்துடன் வரும் சோதனைகளை மீள இயக்குதல் இன்றியமையாதது. ‘பக்ஷம்’ சரியாகப் பிரிந்த மகிழ்ச்சியில், ‘பக்கம்’ என்பது முன்போலவே பிரிகிறதா என்று பார்க்க மறப்பது எளிது.