மாத்திரையை நிறுத்தாதீர்கள், நேரத்தைக் குறியுங்கள்

பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை தொடங்கிய சில நாட்களில் பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது: "நடுக்கம் குறைஞ்சிருக்கு. ஆனா குமட்டுது, எழுந்தா தலை சுத்துது." உடனே சிலர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அது மிக ஆபத்தானது. திடீரென்று நிறுத்தினால் உடல் விறைத்து, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிவதால் வருவது இந்த நோய். டோபமைனை மாத்திரையாகக் கொடுத்தாலும் அது மூளைக்குள் நுழையாது. அதனால், உள்ளே போய் டோபமைனாக மாறும் லெவோடோபாவைத் தருகிறார்கள். பூனைக்காலி விதையில் இந்தப் பொருள் இருப்பதை 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். 'இயற்கை மருந்துதானே' என்று மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியையும் சேர்த்துக்கொண்டால், மருந்தின் அளவு கணக்கில்லாமல் ஏறிவிடும்.

குமட்டலும் தலைச்சுற்றலும்

மூளையை அடையும் முன்பே லெவோடோபா டோபமைனாக மாறிவிட்டால் குமட்டும். அதைத் தடுக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபாவும் சேர்ந்திருக்கிறது. அப்படியும் குமட்டினால், மாத்திரையோடு இரண்டு பிஸ்கட் சாப்பிடலாம். கடையில் கேட்டு வாந்தி மாத்திரை வாங்காதீர்கள். அவற்றில் ஒன்றான மெட்டோகுளோபிரமைடு மூளையில் டோபமைனின் வேலையைத் தடுத்து நோயை மோசமாக்கும்.

தலைச்சுற்றலுக்குப் பெரும்பாலும் காரணம், எழும்போது ரத்த அழுத்தம் சரிவது. படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை அளந்து பாருங்கள். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கட்டிலை விட்டு எழும்போது ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு எழுவது விழாமல் காக்கும்.

பருப்போடு போட்டி

புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலிருந்து ரத்தத்துக்குச் செல்ல ஒரே வழியைப் பயன்படுத்துகின்றன. பருப்புச் சாம்பார், முட்டை, பால் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் சிலருக்கு அது வேலை செய்யாததுபோல் தோன்றுவது இதனால்தான். குமட்டல் அடங்கியபின், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ போடுவது நல்லது. புரதத்தை அடியோடு விட்டுவிடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது.

வெட்கப்பட வேண்டாம்

சில ஆண்டுகள் கழித்து, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே உடல் விறைக்கலாம். மருந்து உச்சத்தில் இருக்கும்போது கை, கால், கழுத்து தானாக நெளியலாம். மாத்திரை போட்ட நேரம், உடல் இளகிய நேரம், நெளிந்த நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அளவையும் இடைவெளியையும் மாற்ற மருத்துவருக்கு அதுவே வழிகாட்டி.

இதே நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல், ரோப்பினிரோல் போன்ற மருந்துகளால் சிலருக்குச் சூதாட்டத்திலும் கண்டதை வாங்குவதிலும் அடக்க முடியாத ஆசை வருகிறது. சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிகின்றன. குடும்பங்கள் இதை அவமானமாக நினைத்து மறைக்கின்றன. இது நோயாளியின் குணக்கேடு அல்ல, மருந்தின் விளைவு. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

வேறு எந்த நோய்க்காக மருத்துவமனை சென்றாலும் மாத்திரைப் பட்டியலையும் நேரத்தையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சிறியதோ பெரியதோ, எந்தப் பக்கவிளைவையும் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவரைக் கேட்காமல் ஒரு வேளை மருந்தைக்கூட நிறுத்தாதீர்கள்.